ஜான் டூசோ வில்சன்

ஜான் டூசோ வில்சன் (24 அக்டோபர் 1908 – 15 ஏப்ரல் 1993) கனடா நாட்டைச் சேர்ந்த நிலவியல் அறிஞர், புவி இயற்பியலாளர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 28 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்று இன்று பள்ளிப் பாடநூல்களில் படிக்கும் கொள்கையை உருவாக்கியவர்களுள் முதல் வரிசையில் வைக்கப்படுபவர். ஹவாய் போன்ற எரிமலைத் தீவு வரிசைகள் உண்டாகும் விதம், தட்டுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் மாற்றுப் பிளவு, பெருங்கடல்கள் திறந்து மூடும் சுழற்சி ஆகிய மூன்றும் 1963-க்கும் 1966-க்கும் இடைப்பட்ட காலத்தில் இவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தவை.

இவரது வாழ்வில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஐம்பது வயது வரை வில்சன் கண்டப் பெயர்ச்சியை ஏற்காதவர். கண்டங்கள் இடம் பெயரவில்லை, பூமி குளிர்ந்து சுருங்குவதால்தான் மலைகள் தோன்றின என்று எழுதியும் பேசியும் வந்தவர். உலகப் புகழ் பெற்ற பிறகு அந்தக் கருத்தைக் கைவிட்டு எதிர்ப்பக்கம் வந்தார்.

பிறப்பும் கல்வியும்

வில்சன் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் பிறந்தார். தந்தை ஜான் ஆர்மிட்ஸ்டெட் வில்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய பொறியாளர். கனடாவில் உள்நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி வளர்த்தவர்களுள் ஒருவர். தாய் ஹென்றியெட்டா டூசோ மலையேற்ற வீராங்கனை. ராக்கி மலைத்தொடரில் அதுவரை யாரும் ஏறாத ஒரு சிகரத்தில் 1906-ஆம் ஆண்டு அவர் ஏறினார். அது பின்னர் டூசோ சிகரம் என்று பெயர் பெற்றது. தாயின் குடும்பப் பெயரே மகனின் நடுப்பெயராயிற்று. தந்தையின் வானமும் தாயின் மலையும் மகனின் தொழிலில் ஒன்று சேர்ந்தன எனலாம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவராகச் சேர்ந்தார். கோடை விடுமுறையில் நிலவியல் ஆய்வுக் குழு ஒன்றில் உதவியாளராகக் காட்டுக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் நோயல் ஓடெல். 1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் மல்லோரியையும் இர்வினையும் கடைசியாகக் கண்ட அதே ஓடெல்தான். ஆய்வுக்கூடத்துக்குள் அடைந்து கிடப்பதைவிட வெளியில் பாறைகளோடு திரிவது வில்சனுக்குப் பிடித்துப் போயிற்று. நிலவியலுக்கு மாற விரும்புவதாகச் சொன்னபோது இயற்பியல் பேராசிரியர்கள் வியந்தனர். அணுவின் அமைப்பு தெரிந்து கொண்டிருந்த காலம் அது. இயற்பியலை விட்டுக் கல்லையும் மண்ணையும் பட்டியலிடும் படிப்புக்குப் போவது தரம் இறங்குவதாகவே கருதப்பட்டது. முடிவில் இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி ஏற்பட்டது. 1930-இல் பட்டம் பெற்ற அவரைக் கனடாவில் புவி இயற்பியல் படித்துத் தேறிய முதல் மாணவர் என்பர்.

அடுத்து உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்றார். பூமியின் உட்புறம் குறித்துக் கணித முறையில் எழுதியவரும் கண்டப் பெயர்ச்சியை வாழ்நாள் முழுதும் மறுத்தவருமான ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் அங்கே விரிவுரையாற்றி வந்தார். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மொண்டானா மாநிலத்தின் பேர்டூத் மலைப்பகுதியை ஆராய்ந்து 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனில் அவருக்குப் பழக்கமானவர்களுள் ஹாரி ஹெஸ் ஒருவர். கடல் தளம் விரிகிறது என்ற கருத்தை முன்வைத்துப் பின்னாளில் வில்சனின் மனத்தைத் திருப்பியவர்களுள் அவர் முக்கியமானவர்.

களப்பணியும் போர்க்காலமும்

1936 முதல் 1939 வரை வில்சன் கனடா நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றினார். கனடாவின் வடபகுதி பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஏரியும் சதுப்பும் பாறையுமான அந்த நிலத்தில் சாலை கிடையாது. படகில் போய்க் கரையோரப் பாறைகளைப் பார்த்துப் படம் வரைவதே வழக்கம். விமானத்திலிருந்து எடுத்த ஒளிப்படங்களை நிலவியல் படம் வரையப் பயன்படுத்திய முன்னோடிகளில் வில்சனும் ஒருவர். படகில் போகிறவருக்குத் தெரியாத நீண்ட பிளவுக் கோடுகள் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்தன. ஒரு பகுதியை மட்டும் நுணுகிப் பார்க்காமல் பெரிய பரப்பை ஒரே பார்வையில் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போது ஏற்பட்டது. பிற்காலக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தப் பார்வையைக் காணலாம்.

1938-இல் இசபெல் டிக்சனை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள். இரண்டாம் உலகப் போரில் கனடா இராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து கர்னல் நிலைக்கு உயர்ந்தார். போர் முடிந்ததும், 1946-ஆம் ஆண்டு குளிர்காலத்தில், பனிநிலத்தில் வண்டிகள் செல்ல முடியுமா என்று பார்க்க நடந்த 'மஸ்க் ஆக்ஸ்' என்னும் இராணுவப் பயணத்தின் துணை இயக்குநராக இருந்தார். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் பயணம் அது. அதே ஆண்டில் டொராண்டோவில் புவி இயற்பியல் பேராசிரியரானார்.

சுருங்கும் பூமி

கண்டங்கள் முன்பு ஒன்றாக இருந்து பிரிந்தன என்ற கருத்தை ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெக்னர் 1912-இல் வெளியிட்டார். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் கரையோடு கரை பொருந்துவது, இரு கரையிலும் ஒரே வகைப் புதைபடிவங்கள் கிடைப்பது, வெப்ப நாடுகளில் பழைய பனிப்பாறைத் தடங்கள் காணப்படுவது ஆகியவை அவர் காட்டிய சான்றுகள். தென் ஆப்பிரிக்க நிலவியலாளர் அலெக்சாண்டர் டூ டாய்ட் 1937-இல் மேலும் பல சான்றுகளைத் திரட்டி நூலாக்கினார். ஆனால் கண்டத்தைத் தள்ளும் விசை எது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் வட அமெரிக்க அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

வில்சனும் அவர்களுள் ஒருவரே. சூடாக இருந்த பூமி ஆறிச் சுருங்குகிறது, வாடிய பழத்தின் தோல் மடிவது போல மேலோடு மடிந்து மலைகளாகிறது என்பது அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்த கொள்கை. மலைத்தொடர்களும் தீவு வரிசைகளும் வில் போல வளைந்திருப்பதை இக்கொள்கையால் விளக்க முடியும் என்று 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் அவர் எழுதினார். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய எழுத்துகள் அல்ல அவை. கனடாவின் கேடயப் பகுதியில் பழைய பாறைகள் நடுவிலும் இளைய பாறைகள் சுற்றிலும் இருப்பதால் கண்டங்கள் ஒரு மையத்திலிருந்து ஓரங்களில் வளர்ந்து வந்தன என்பது அவர் கணிப்பு. இருந்த இடத்திலேயே வளரும் கண்டத்துக்கு நகர வேண்டிய தேவை என்ன?

1957 முதல் 1960 வரை நில அளவியல், புவி இயற்பியல் பன்னாட்டு ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு இக்காலத்தில்தான் நடைபெற்றது. வில்சன் உலகெங்கும் பயணம் செய்தார். மேற்கு நாட்டவர் எளிதில் நுழைய முடியாதிருந்த சீனாவுக்கு 1958-இல் சென்று வந்து, அந்த அனுபவத்தை 'ஒரு சீனத் திங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் அடுத்த ஆண்டு நூலாக எழுதினார்.

மனமாற்றம்

1950-களில் கடலடித் தளத்தைப் பற்றிய செய்திகள் குவியத் தொடங்கின. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடரும், அதன் உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளமும் இருப்பது தெரியவந்தது. அந்தப் பள்ளம் மேலோடு இழுபட்டுக் கிழிந்த அடையாளம். பூமி சுருங்குகிறது என்றால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிசல் எப்படி வரும்? மறுபுறம், பழைய பாறைகளில் பதிந்திருந்த காந்தத் திசைகளை அளந்தவர்கள் கண்டங்கள் அக்காலத்தில் வேறு இடத்தில் இருந்தன என்றனர்.

வில்சன் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1960-இல் பூமி விரிவடைந்தால் என்னவாகும் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சுருங்கும் பூமியிலிருந்து விரியும் பூமிக்கு! அதுவும் பொருந்தவில்லை. அந்த ஆண்டுகளில் ஹெஸ்ஸும், அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர் ராபர்ட் டீட்சும் புதிய கருத்தொன்றைச் சொன்னார்கள். நடுக்கடல் மலைத்தொடரில் புதிய தளம் உருவாகி இருபுறமும் விலகுகிறது, பழைய தளம் கடல் அகழிகளில் கீழே அமிழ்கிறது, ஆகவே பூமியின் அளவு மாறத் தேவையில்லை என்பது அவர்கள் கருத்து. 1961 அளவில் வில்சன் இதன் பக்கம் சாய்ந்தார். 1963-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கண்டப் பெயர்ச்சியை ஆதரித்துப் பொதுவாசகருக்காக விரிவான கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 54. ஒன்றியத் தலைவராக இருந்து ஓய்ந்த ஒருவர், பத்து ஆண்டுகளுக்கு மேல் தாம் எழுதியவற்றுக்கு எதிராகவே எழுதினார்.

ஹவாய்த் தீவுகளும் வெப்பப் புள்ளியும்

கடல் தளம் நடுவிலிருந்து விலகுமானால், மலைத்தொடருக்கு அருகிலுள்ள தீவுகள் இளமையாகவும் தொலைவிலுள்ளவை முதுமையாகவும் இருக்க வேண்டும். வில்சன் கிடைத்த தீவுகளின் வயதையெல்லாம் தொகுத்துப் பார்த்தார். அட்லாண்டிக்கில் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆனால் ஹவாய் ஒரு புதிராக நின்றது. அது பசிபிக் கடலின் நடுவில், எந்த மலைத்தொடருக்கும் அருகில் இல்லாமல் இருக்கிறது. அங்கே எரிமலை ஏன்?

ஹவாய்த் தீவுகள் வடமேற்கு – தென்கிழக்காக வரிசையாக அமைந்தவை. தென்கிழக்குக் கோடியில் உள்ள பெரிய தீவில் இன்றும் எரிமலை கொதிக்கிறது; அதன் பாறைகள் பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைந்த வயதுடையவை. வடமேற்கே போகப் போக எரிமலைகள் அணைந்து, அரிப்புண்டு, வயதில் கூடிக்கொண்டே செல்கின்றன. காவாய்த் தீவின் வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள். இந்த வரிசையை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் டேனா கவனித்திருந்தார். (எரிமலைத் தெய்வமான பெலே வடமேற்கிலிருந்து தீவு தீவாக இடம் மாறிக் கடைசியில் கிலாவேயாவில் குடியேறினாள் என்று ஹவாய் மக்கள் கதை சொல்வதும் அதே திசையில்தான்.)

வில்சன் தந்த விளக்கம் எளிது. எரிமலைக்கு உருகிய பாறையைத் தரும் ஊற்று கவசத்தின் உள்ளே ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் மேலே கடல் தளம் நகர்ந்து செல்கிறது. ஊற்றுக்கு நேர் மேலே உள்ள இடத்தில் எரிமலை எழும். தளம் நகர்ந்ததும் அந்த எரிமலை ஊற்றைப் பிரிந்து அணையும். பின்னால் வரும் இடத்தில் புதியது எழும். ஓடைக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து, குழல் வழியாக ஊதுகிறார் என்று கற்பனை செய்யச் சொன்னார் அவர். குமிழிகள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஓடும் நீர் அவற்றை வரிசையாக இழுத்துச் செல்கிறது. நம் வீட்டு வழக்கில் சொன்னால், எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு தாளை மெல்ல நகர்த்தினால் கருகிய புள்ளிகள் வரிசையாக விழுவதைப் போன்றது.

இக்கட்டுரையை அமெரிக்காவின் முன்னணிப் புவி இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். புதிய அளவீடு எதுவும் இல்லை, கணிதம் இல்லை, நடப்பிலுள்ள கருத்துகளோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1963-இல் அது கனடா இயற்பியல் இதழில் வெளிவந்தது. நிலவியலாளர்கள் அதிகம் புரட்டாத இதழ் அது. அதே ஆண்டில் கனடாவின் இன்னொரு ஆய்வாளர் லாரன்ஸ் மார்லி, கடல் தளத்துக் காந்தப் பட்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் இரண்டு இதழ்களால் மறுக்கப்பட்டது. அதே கருத்தைக் கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் வெளியிட்டுப் புகழ் பெற்றனர்.

வில்சன் சொன்னதில் திருத்தங்களும் வந்தன. ஊற்று கவசத்தின் மேற்பகுதியிலேயே, வெப்பச்சலனச் சுழலின் அசையாத நடுவில் இருப்பதாக அவர் எண்ணினார். கவசத்தின் ஆழத்திலிருந்து தூண் போல எழும் வெப்ப ஓட்டமே காரணம் என்று ஜேசன் மார்கன் 1971-இல் விளக்கினார். ஹவாய்க்குத் தென்கிழக்கே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், அடுத்த எரிமலை ஒன்று வளர்ந்து கொண்டிருக்கிறது. வில்சனின் வரிசையில் அடுத்த தீவு அதுவாகத்தான் இருக்கும்.

இந்தியப் பெருங்கடலிலும் இதே போன்ற வரிசை ஒன்று உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு, இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீசியசு, இன்றும் எரியும் ரீயூனியன் ஆகிய அனைத்தும் ஒரே ஊற்றின் தடம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர். மொரீசியசிலும் ரீயூனியனிலும் வாழும் தமிழர்களின் முன்னோர் கப்பலேறிப் போன வழியை, இந்தியத் தட்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக எதிர்த்திசையில் கடந்து வந்திருக்கிறது.

மூன்றாவது வகைப் பிளவு

1965-ஆம் ஆண்டு வில்சன் விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்றிருந்தார். ஹெஸ்ஸும் அங்கே வந்திருந்தார். வைனும் மேத்யூஸும் அங்கேயே இருந்தனர். அந்த ஆண்டு ஜூலையில் 'நேச்சர்' இதழில் வில்சன் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை தட்டுக் கொள்கையின் அடித்தளங்களுள் ஒன்று.

நடுக்கடல் மலைத்தொடர் ஒரே கோடாக ஓடுவதில்லை. ஆங்காங்கே வெட்டுப்பட்டு, துண்டுகள் பக்கவாட்டில் விலகிப் படிக்கட்டு போல அமைந்திருக்கின்றன. துண்டுகளை இணைக்கும் குறுக்குக் கோடுகள் பிளவுகள். முன்பு ஒரே கோடாக இருந்த மலைத்தொடர் இப்பிளவுகளின் வழியே நழுவிப் பிரிந்தது என்றே எல்லோரும் நினைத்தனர். வில்சன் அதை மறுத்தார்.

ஒரு தாளை எடுத்து, அதைப் படிக்கட்டு வடிவில் மேலிருந்து கீழாக வெட்டிக் கொள்ளலாம். இரண்டு துண்டுகளையும் மேசை மேல் பொருத்தி வைத்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் மெல்ல இழுக்க வேண்டும். நெட்டையாக வெட்டிய இடங்களில் இடைவெளி விழும். அதுதான் மலைத்தொடர், அந்த இடைவெளியில் புதிய தளம் உருவாகிறது. குறுக்காக வெட்டிய இடத்தில் இடைவெளி விழாது. இரு ஓரங்களும் உரசி நகரும். அதுதான் வில்சன் சொன்ன மாற்றுப் பிளவு. மலைத்தொடரின் துண்டுகள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் தூரம் இதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தொடக்கத்தில் வெட்டிய வடிவமே நிலைக்கிறது. தாளை வெட்டியும் மடித்தும் காட்டி விளக்குவது வில்சனின் வழக்கம்.

இதிலிருந்து சோதித்துப் பார்க்கக் கூடிய இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. வடக்குத் துண்டு மேற்கிலும் தெற்குத் துண்டு கிழக்கிலும் இருப்பதாகக் கொள்வோம். பழைய கருத்துப்படி, பிளவின் வடகரை மேற்கு நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். வில்சன் சொல்வதன்படி, இரு துண்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் வடகரை கிழக்கே நகர வேண்டும், ஏனெனில் அது வடக்குத் துண்டிலிருந்து விலகிப் போகும் தளம். திசை நேர் எதிர்! அடுத்து, இரு துண்டுகளுக்கும் இடையில் மட்டுமே நிலநடுக்கம் வர வேண்டும். அதற்கு அப்பால் பிளவின் இருகரையும் ஒரே பக்கமாக நகர்வதால் உரசல் இல்லை.

அமெரிக்காவின் லாமான்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த லின் சைக்ஸ், கடலடி நிலநடுக்கங்களின் முதல் அசைவுப் பதிவுகளை ஆராய்ந்து 1967-இல் முடிவை வெளியிட்டார். நகர்ச்சியின் திசை வில்சன் சொன்னபடியே இருந்தது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி, அது அப்படியே நிகழ்வதைக் காட்டியது தயங்கிக் கொண்டிருந்த பலரையும் இக்கருத்தின் பக்கம் கொண்டுவந்தது.

1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நிலநடுக்கம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் எழுந்தது. அந்தப் பிளவும் ஒரு மாற்றுப் பிளவே என்றார் வில்சன். அதன் தென்கோடி கலிபோர்னியா வளைகுடாவிலுள்ள விரியும் மலைத்தொடரில் முடிகிறது. வடகோடியில் கடலுக்குள் இன்னொரு மலைத்தொடர் இருக்க வேண்டும். ஹுவான் டி ஃபூகா என்ற அம்மலைத்தொடரை அவரும் வைனும் காந்தப் பட்டைகளைக் கொண்டு அதே ஆண்டில் விளக்கினர். மேலும், பூமியின் மேற்பரப்பு முழுவதும் இத்தகைய அசையும் பட்டைகளால் சில பெரிய, விறைப்பான 'தட்டுகளாக'ப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற சொல்லாட்சியும் அந்த 1965 கட்டுரையில் வருகிறது. மெக்கன்சி, பார்க்கர், மார்கன், லெ பிஷோன் ஆகியோர் அடுத்த மூன்று ஆண்டுகளில் இதற்குக் கணித வடிவம் தந்தனர்.

திறந்து மூடும் கடல்கள்

1966 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வில்சன் ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார்: அட்லாண்டிக் ஒருமுறை மூடிப் பின் மீண்டும் திறந்ததா?

கேள்விக்குக் காரணம் டிரைலோபைட்டு என்னும் பழங்காலக் கடலுயிரி. கரப்பான் பூச்சியையும் இறாலையும் நினைவூட்டும் உடலமைப்புள்ள இவ்வுயிரிகள் அடியோடு அழிந்து போனவை. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் இவை இரண்டு பெரும் குழுக்களாகக் கிடைக்கின்றன: அமெரிக்க வகை, ஐரோப்பிய வகை. இரண்டுக்கும் இடையே அகன்ற கடல் இருந்திருந்தால்தான் இப்படிப் பிரிந்து வளர முடியும். ஆனால் ஐரோப்பிய வகை நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குப் பகுதியில் கிடைக்கிறது. அது வட அமெரிக்கா! அமெரிக்க வகை ஸ்காட்லாந்தின் வடமேற்கிலும் நார்வேயின் சில பகுதிகளிலும் கிடைக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து என்ற ஒரே தீவின் கிழக்கும் மேற்கும் வெவ்வேறு உயிர்க்கூட்டங்களைக் கொண்டிருந்தன.

இன்றைய அட்லாண்டிக்குக்கு முன்னால் வேறொரு கடல் இருந்தது என்றார் வில்சன். அது மெல்ல மூடியது. இருகரையும் மோதி ஒட்டின. அங்கே அப்பலேச்சியன், ஸ்காட்லாந்து, நார்வே மலைகள் எழுந்தன. பல கோடி ஆண்டுகள் கழித்து அந்நிலம் மீண்டும் பிளந்து இன்றைய அட்லாண்டிக் திறந்தது. ஆனால் பிளவு பழைய தையலின் மேலேயே சரியாக விழவில்லை. சற்று விலகி விழுந்ததால் ஐரோப்பியக் கரையின் துண்டுகள் அமெரிக்காவிலும் அமெரிக்கக் கரையின் துண்டுகள் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டன. கிழிந்த துணியைத் தைத்து, மறுபடி தையலுக்குப் பக்கத்தில் கிழித்தால் ஒரு பக்கத்துத் துணியின் ஓரம் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவதைப் போல. அந்தப் பழைய கடலுக்கு ஐயாப்பீட்டஸ் என்று பின்னாளில் பெயரிட்டனர். கிரேக்கப் புராணத்தில் அட்லசின் தந்தை பெயர் அது.

வெக்னர் ஒருமுறை நடந்த பிரிவை மட்டுமே பேசினார். வில்சன் அது திரும்பத் திரும்ப நிகழ்வது என்றார். கடலின் ஒவ்வொரு பருவத்துக்கும் இன்றைய உலகிலிருந்தே சான்று காட்டினார். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் நிலம் இப்போதுதான் கிழியத் தொடங்கியுள்ளது. செங்கடலும் ஏடன் வளைகுடாவும் பிறந்து சிறிதே வளர்ந்த கடல்கள். அட்லாண்டிக் முழு வளர்ச்சி பெற்றது. பசிபிக்கின் ஓரங்களில் அகழிகள் தளத்தை விழுங்குவதால் அது சுருங்கி வருகிறது. மத்தியதரைக் கடல் கடைசிக் காலத்தில் இருக்கிறது. இமயமலையில் கடலே இல்லை. டெத்திஸ் கடல் மூடி, இந்தியா ஆசியாவோடு மோதி ஒட்டிய தழும்பு மட்டுமே அங்கே உள்ளது. கெவின் பர்க்கும் ஜான் டூயியும் 1970-களில் இதற்கு 'வில்சன் சுழற்சி' என்று பெயர் வைத்தனர்.

அதன் பின் உலகின் பழைய மலைத்தொடர்கள் ஒவ்வொன்றிலும் மூடிப்போன கடலைத் தேடும் வேலை தொடங்கியது. தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிப் படுகை வழியாகக் கிழக்கே செல்லும் நொறுங்கிய பாறை மண்டலம், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மூடிய ஒரு கடலின் தழும்பு என்று பல ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. எல்லோரும் இதை ஏற்கவில்லை. விவாதம் நடந்து வருகிறது.

எதிர்ப்பு

வில்சனுக்குப் பிறகு பன்னாட்டு ஒன்றியத்தின் தலைவரானவர் சோவியத் நிலவியலாளர் விளாதிமிர் பெலோசோவ். மேலோடு மேலும் கீழுமாகவே அசைகிறது, பக்கவாட்டில் அன்று என்பது அவர் கொள்கை. 1968-இல் அவர் வில்சனுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கண்டத்து நிலவியலின் எண்ணற்ற விவரங்களைக் கடல் தளத்திலிருந்து எடுத்த சில செய்திகளைக் கொண்டு ஒதுக்கிவிட முடியாது என்பது அவர் தரப்பு. வில்சனும் பதில் எழுதினார். கோப்பர்நிகஸ் காலத்தில் வானியல் கண்டது போன்ற ஒரு புரட்சியில் புவி அறிவியல் இருக்கிறது, அசையாத பூமி என்ற பழைய சட்டகத்தை வைத்துக்கொண்டு புதிய செய்திகளை விளக்க முடியாது என்பது அக்காலத்தில் அவர் பேசியும் எழுதியும் வந்தது. பெலோசோவ் இறுதிவரை மாறவில்லை. கேம்பிரிட்ஜில் வில்சன் கேட்ட விரிவுரைகளை ஆற்றிய ஜெஃப்ரீசும் 1989-இல் தாம் இறக்கும் வரை மாறவில்லை.

பிற்காலம்

1967-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் எரின்டேல் கல்லூரிக்கு முதல்வரானார். 1974-இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒன்டாரியோ அறிவியல் மையத்தின் தலைமை இயக்குநர் பொறுப்பை ஏற்று 1985 வரை வகித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் 'தொடாதே' என்று எழுதும் கூடமல்ல அது. குழந்தைகள் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுழற்றி, தாமே செய்து பார்க்கும் இடம். தாளை வெட்டிப் பூமியை விளக்கியவருக்கு ஏற்ற வேலைதான். தொலைக்காட்சியிலும் புவி அறிவியல் தொடர் ஒன்றை வழங்கினார். 1983 முதல் 1986 வரை யார்க் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். ஓய்வு நேரங்களில், சீன முறையில் கட்டிய பாய்மரப் படகொன்றில் ஜார்ஜியன் வளைகுடாவில் பயணம் செய்வார்.

1978-இல் வெட்லசன் பரிசும் லண்டன் நிலவியல் கழகத்தின் வொல்லாஸ்டன் பதக்கமும் பெற்றார். கனடா புவி இயற்பியல் ஒன்றியம் அதே ஆண்டில் இவர் பெயரால் ஒரு பதக்கத்தை நிறுவியது.

வில்சன் 1993-ஆம் ஆண்டு டொராண்டோவில் காலமானார். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், மலைத்தொடரும் மாற்றுப் பிளவும் சந்திக்கும் இடத்தருகே உள்ள கடலடி எரிமலைகள் இரண்டுக்கு டூசோ வில்சன் குன்றுகள் என்று பெயர். பிற்காலத்தில் நில அதிர்வு அலைகளைக் கொண்டு பூமியின் உட்புறத்தைப் படம் பிடித்தவர்கள், கவசமும் கருவமும் சந்திக்கும் ஆழத்தில், ஏறத்தாழ 2,900 கிலோமீட்டருக்குக் கீழே, அலைகள் மெதுவாகச் செல்லும் இரண்டு பெரும் பகுதிகளைக் கண்டனர். ஒன்று பசிபிக்குக்கு அடியில், மற்றது ஆப்பிரிக்காவுக்கு அடியில். பல வெப்பப் புள்ளிகளின் ஊற்றுகள் இவற்றின் ஓரங்களிலிருந்து எழுவதாகக் கருதப்படுகிறது. பசிபிக்குக்கு அடியில் உள்ளதை மார்கனின் நினைவாக ஜேசன் என்றும், ஆப்பிரிக்காவுக்கு அடியில் உள்ளதை டூசோ என்றும் அழைக்கின்றனர்.